பதினைந்தாவது மெழுகுதிரி

ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கோவிந்தன், தன்னைத் தூக்கில் போடுவார்களா என்று கேட்கவில்லை. தன் தீப்பெட்டி கிடைத்ததா என்று கேட்டான்.

டென்சிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த இடத்தில் சிரிக்கக்கூடாதோ அந்த இடத்தில்தான் அவனுக்குச் சிரிப்பு வரும். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த அந்த ஆங்கிலோ இந்திய இளைஞனுக்கு ஆண்டவன் நல்ல உயரத்தையும் நல்ல மூக்கையும் கொடுத்துவிட்டு, வாய்க்குப் பூட்டு வைக்க மறந்துபோயிருந்தான்.

"ஏம்ப்பா, கழுத்தே போகப்போவுது, தீப்பெட்டியத் தேடறியே" என்றான்.

"நீ கொஞ்சம் சும்மா இரு டென்சில்" என்றார் பாகீரதி அம்மாள்.

பாகீரதி அம்மாள் பல வருஷம் கண்டோன்மென்ட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வக்கீல்கள் வாரி இறைக்கிற லத்தீனைச் சாட்சிக்கூண்டில் நிற்கிற பால்காரனுக்கும் வண்டிக்காரனுக்கும் தமிழிலும் கன்னடத்திலும் புரியவைத்தே தலை நரைத்துப்போனவர். இப்போது சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். டென்சில் அவருடைய உதவியாளன்.

"கோவிந்தா, நாளைக்குக் காலையில மாஜிஸ்திரேட் முன்னால 'நான்தான் கொன்னேன்'னு சொல்லப்போறியாமே. நீதான் கொன்னியா?"

"வக்கீலய்யா அப்டித்தான் சொல்றாருங்கம்மா."

"வக்கீல் இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

கோவிந்தன் தன் கைகளைப் பார்த்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள். "நெனப்பு சரியா இல்லீங்க. அன்னிக்கு சாராயம் குடிச்சிருந்தேன். டீச்சரம்மாவுக்கு அந்த வாடையே ஆவாது. அதான் வாடை போவட்டும்னு கோயில் மதிலாண்ட நின்னுனு இருந்தேன். உள்ள தடதடன்னு ஒரே சத்தம். அப்புறம் யாரோ இருட்டுல ஓடியாந்து தீப்பெட்டி கேட்டாங்க. குடுத்தேன். திருப்பித் தரவே இல்ல. அதெல்லாம் குடிகாரன் கனவு, ஆத்திரத்துல நீதான் அடிச்சிருப்பன்றாரு அய்யா. படிச்சவரு. பொய்யா சொல்வாரு?"

"தீப்பெட்டியில என்ன இருந்தது?"

"பாதி குச்சி, பாதி வெதைங்க. டீச்சரம்மா குடுத்த ஸ்வீட் பீ பூச்செடி வெதை. தாள்ல மடிச்சி வெச்சிருந்தேன். ஈரம் பட்டா வீணாப்பூடும்."

பாகீரதி அம்மாளைத் தேடிப்பிடித்து அழைத்துவந்த அவன் மனைவி வள்ளியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நாளை காலை அவன் வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் கதை முடிந்தது என்பது அவளுக்குத் தெரியும். 'ஒப்புக்கொண்டால் நாலைந்து வருஷத்தில் வெளியே வந்துவிடலாம்' என்று வக்கீல் சொன்னதை நம்ப அவளுக்குப் பைத்தியமா என்ன?

நடந்தது இதுதான். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு சின்ன மாதா கோயில். அதன் பின்மதிலை ஒட்டினாற்போல் மிஸ் பிரிஜெட்டின் வீடு. லா காலேஜ் பையன்களுக்கும் சாமியார் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கும் லத்தீன் சொல்லிக்கொடுத்து வந்த அம்மாள். கால் வீங்கியிருந்ததால், ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலப் பிரார்த்தனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கோயிலுக்குள் வழக்கமான அந்தத் தடதட சத்தம் கேட்டது. அது அடங்கிய கையோடு பிரிஜெட்டின் அலறல் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் வந்து பார்த்தபோது, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக்குண்டு ரத்தத்தோடு கிடந்தது. தோட்டக்காரன் கோவிந்தன் அம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

வெளியே வந்ததும் வள்ளியம்மா பாகீரதி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அல்சூர் ஏரியில வுழுந்து செத்துச்சே சரசுன்னு ஒரு பொண்ணு, அது டீச்சரம்மாகிட்ட வந்து அழுவும். 'அந்தப் பொண்ணப் பெத்தவங்களுக்கு ஈஸ்டருக்குள்ள உண்மை தெரிஞ்சாகணும், அவனே போய்ச் சொல்லட்டும், இல்லன்னா நான் சொல்றேன்'னு டீச்சரம்மா சொன்னாங்க. எவன்னு சொல்லல. கேக்கவும் எனக்கு வாய் வரல."

"வக்கீல்கிட்ட இதச் சொன்னியா?"

"சொன்னேன். வெளிய சொல்லாத, செத்துப்போன பொண்ணு மானம் போயிடும்னாரு."

 பாகீரதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் யாருக்கோ கேடு காலம் என்பது டென்சிலுக்குத் தெரியும்.

வக்கீல் சந்தானத்தின் ஆபீஸ் இன்ஃபன்ட்ரி ரோட்டில் இருந்தது. சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். தங்க ஃப்ரேம் கண்ணாடி. முன்சீஃப் பதவி இன்றோ நாளையோ என்று காத்திருக்கிற ஆள். மிஸ் பிரிஜெட்டின் செல்ல மாணவன். அவரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டவனுக்கே இவர் வாதாட வந்ததைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதியிருந்தன.

"ஒரு காசு வாங்கலை மாமி. ப்ரோ போனோ" என்றார் சந்தானம்.

"நேர் அர்த்தம் 'நல்லதுக்காக'. முழுசாச் சொன்னா 'பொது நல்லதுக்காக'. நீங்க பாதியோட நிறுத்திட்டேள்."

சந்தானம் ரசித்துச் சிரித்தார். "பிரிஜெட் மிஸ் மாதிரியே பேசறேள். லத்தீன் சொல்லுக்கு எப்பவும் ரெண்டு மாடின்னு முதல் கிளாஸ்லயே சொல்வாங்க. கீழ்மாடியில நேர் அர்த்தம். மேல்மாடியில உருவகம். 'அலிபி'ன்னா கீழே 'வேறிடத்தில்', அவ்வளவுதான். மேலே போனா ஒரு மனுஷனோட உயிரையே காப்பாத்தற வாதம். பாவம், கோவிந்தனுக்கு அது இல்லையே."

"எனக்கு மொட்டைமாடிதான் சார் தெரியும்" என்றான் டென்சில். "சின்ன வயசுல பூசைக்கு உதவி செஞ்சவன் நான். லத்தீன் மொத்தமும் மனப்பாடம். ஒரு எழுத்துக்கு அர்த்தம் தெரியாது."

பாகீரதி அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நீங்களும் கோயில்லதான் இருந்தேளாம். நான் அதெல்லாம் பார்த்ததே இல்லை. எப்படி இருந்தது?"

கேட்க வேண்டியதுதான் பாக்கி. சந்தானத்தின் முகம் மலர்ந்தது. "அதுக்குப் பேரே 'தெனெப்ரே'. நேர் அர்த்தம் இருட்டு. உருவகமா, சிஷ்யர்கள் ஒவ்வொருத்தரா குருவைக் கைவிட்டுட்டுப் போறது. 'போய்க் கேளுங்க, உயிரோட இருக்கிற லத்தீன்'னு மிஸ்தான் என்னை அனுப்பினாங்க. முக்கோணத் தண்டுல பதினஞ்சு மெழுகுதிரி. ஒவ்வொரு சங்கீதம், அதாவது வேதப்பாட்டு, முடியறப்பவும் ஒண்ணை அணைக்கறா. கடைசித் திரியும் போயிடறது. கும்மிருட்டு. எல்லாரும் பெஞ்சைத் தட்டி ஓசை பண்றா. பூகம்பமாம். அப்புறம் அந்த இருட்டுலயே தட்டுத்தடுமாறி எழுந்து வெளில வந்தோம். இப்ப நினைச்சாலும் உடம்பு சிலிர்க்கறது."

டென்சிலுக்கு உள்ளங்கை அரித்தது. சின்ன வயதில், பீடத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எரிகிற மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு, உருகின மெழுகு விரலில் சொட்டச்சொட்டப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தால் போதாதா, வாயும் கூடவே வந்துவிட்டது.

"கடைசித் திரிய அணைக்கவே மாட்டாங்களே சார்! பீடத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சு, சத்தம் அடங்கினதும் எரிய எரியத் திரும்பக் கொண்டாருவாங்க. அந்த வெளிச்சத்துலதான் எல்லாரும் எழுந்து போவணும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தானத்தின் பேனா மேஜைமேல் அசையாமல் நின்றது. பிறகு அவர் சிரித்தார். "ஆமாமா, கொண்டுவந்தாளே! பிரகாசமா எரிஞ்சுண்டு வந்தது. அந்த வெளிச்சத்துலதான் எழுந்தோம். இருட்டுன்னு நான் சொன்னது உருவகமாத்தான். மேல்மாடி!"

 தெருவுக்கு வந்ததும் பாகீரதி அம்மாள் நின்றார்.

"அவன் கோயில்ல கடைசி வரைக்கும் இல்லைடா. சொல்லோட அர்த்தத்தை வச்சுண்டு, அங்க என்ன நடந்திருக்கும்னு தானே கட்டிச் சொன்னான். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால அதையே அவன் வாயால சொல்லவச்சு மடக்கியிருக்கலாம். நீ விடையைக் கையில எழுதிக் குடுத்துட்டே."

 வேடிக்கையாகச் சொல்ல ஏதாவது வருமா என்று டென்சில் தேடினான். ஒன்றும் வரவில்லை. கம்பிக்குப் பின்னால் தெரிந்த அந்தக் காய்த்த கைகள்தான் கண்முன் நின்றன. என் வாய் ஒரு மனுஷனின் கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"வா, கோயிலுக்குப் போவோம். அன்னிக்கு நிஜமா என்ன நடந்ததுன்னு யாராவது சொல்லட்டும்" என்றார் பாகீரதி அம்மாள்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை சவரியப்பன் பித்தளை விளக்குத் தண்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டதுமே அவர் கை வேகம் கூடியது.

"எல்லாம் நல்லபடியாத்தான் நடந்துச்சு. எப்பவும்போல."

"கடைசித் திரி எரிஞ்சுண்டு வந்ததா?" என்று கேட்டார் பாகீரதி அம்மாள்.

"வராம?"

அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. சந்தானம் திருத்திச் சொன்னதும் கோயில்பிள்ளை சொல்வதும் ஒன்றாகிவிட்டது. ஆனால் டென்சில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு தண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

"நானும் அந்தத் திரியப் புடிச்சவன்தான் அண்ணே. ஒரு வருஷம் தும்மிட்டேன். அணையப் பாத்துச்சு. அந்த ஒரு நிமிஷம் செத்துப் பொழச்சேன். இந்தத் தடவ உங்களுக்கு என்ன ஆச்சு?"

சவரியப்பன் தேய்ப்பதை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது.

"அணைஞ்சே போச்சு தம்பி" என்றார். "புழுக்கம் தாங்கலன்னு பின்கதவத் தொறந்து வெச்சிருந்தேன். ஒரு காத்து. போச்சு. இங்க கும்மிருட்டு, அங்க ஜனங்க பெஞ்சைத் தட்டி முடிச்சிட்டாங்க. வெளிச்சம் வராம ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்களே! அப்டியே உக்காந்திருக்காங்க. கொழந்தைங்க வீல்வீல்னு அழுவுது. சாமியாரு என்ன பண்றதுன்னு தெரியாம முடிச்ச சங்கீதத்தையே திரும்பவும் ஆரம்பிச்சாரு. பங்கு ஜனங்க பூராவும் இப்ப இதே பேச்சு. சவரியப்பன் ஆண்டவர இருட்டுல உட்டுட்டான்னு எல்லம்மா கெழவி வரைக்கும் கேலி பண்றா."

"அப்புறம் எப்படி ஏத்தினீங்க?"

அவர் நாலு பக்கமும் பார்த்தார். குரல் தணிந்தது. "இத சாமியார்கிட்டக்கூட சொல்லல. பின்பக்கமா ஓடுனேன். மதிலாண்ட ஒருத்தன் நின்னான். மூஞ்சி தெரியல. சாராய நெடி குப்புனு அடிச்சிச்சு. அவங்கிட்ட தீப்பெட்டி வாங்கித்தான் ஏத்துனேன். குடிகாரன் நெருப்புல ஆண்டவரோட திரிய ஏத்திட்டேனே! வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும். திருப்பிக் குடுக்க ஓடிப்போய்ப் பாத்தேன், ஆளக் காணோம். இன்னும் வெச்சிருக்கேன்."

அங்கிகள் வைக்கிற அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து நீட்டினார். டென்சில் திறந்தான். ஒரு பக்கம் குச்சி. மறுபக்கம் தாள் மடிப்பு. மடிப்புக்குள் உருண்டை உருண்டையாய்ப் பழுப்பு விதைகள்.

"கடவுளே!" என்றான் டென்சில். கோயிலுக்குள் அவன் அந்த வார்த்தையை மனதாரச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை கோர்ட் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே கோவிந்தன் குனிந்து நின்றான். அவன் காதருகே சந்தானம் கடைசிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வள்ளியம்மா தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாகீரதி அம்மாள் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டய்யாவை அழைத்துக்கொண்டு நேரே வந்தார்.

"ஏனம்மா இது, கோர்ட் டைமல்லி?" கோர்ட் நேரத்தில் இதென்ன என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நிமிஷம் சார். சந்தானம், நேத்து சொன்னேளே, தெனெப்ரே. இவருக்கும் ஒரு தடவை சொல்லுங்கோ. கடைசித் திரி என்ன ஆச்சு?"

சந்தானம் தயாராகத்தான் வந்திருந்தார். ராத்திரியே புத்தகத்தைப் புரட்டியிருப்பார் போலிருக்கிறது. "பதினஞ்சாவது திரியை அணைக்க மாட்டா. அது கிறிஸ்து. பீடத்துக்குப் பின்னால மறைச்சு வைப்பா. ஓசை அடங்கினதும் அணையாம எரிஞ்சுண்டு வந்தது, உடனேயே. எல்லாரும் எழுந்து மௌனமா வெளில வந்தோம். நானும்தான்."

"உடனேயே?"

"உடனேயே."

பாகீரதி அம்மாள் திரும்பினார். சவரியப்பன் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பங்குப் பெண்கள் நாலைந்து பேர். எல்லம்மாவுக்கு அடக்கமுடியவில்லை. "உடனேவா? நல்லா சொன்னீங்க போங்க! எம் பேரப்புள்ள அழுது அழுது மூத்திரமே போயிட்டான் அந்த இருட்டுல. இந்தய்யா கடேசி பெஞ்சுல என் பக்கத்துலதான் உக்காந்தாரு. திரி வந்தப்புறம் பாத்தா பெஞ்சு காலி. வெளிய கேட்டாண்டதான் மறுபடி பாத்தேன்."

"புத்தகத்துல இருக்கறதை நீங்க சரியாத்தான் சொன்னேள்" என்றார் பாகீரதி அம்மாள். "முதல்ல சொல்லோட அர்த்தத்தைச் சொன்னேள். அப்புறம் சடங்கோட அர்த்தத்தைச் சொன்னேள். அன்னிக்கு அங்க நடந்தது ரெண்டுமே இல்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். கோவிந்தன் உங்ககிட்ட தீப்பெட்டின்னு கதறினானே, அதுதான் அந்தத் திரியை ஏத்தினது. சத்தம் அடங்கி பிரிஜெட் அலறினப்போ அவன் மதிலாண்ட, வேறிடத்துல இருந்தான். நீங்களும் வேறிடத்துலதான் இருந்தேள், கோயில்ல இல்லை. சரசுவோட அப்பா அம்மா ஜீவனஹள்ளியிலதான் இருக்கா. ஈஸ்டர் போயிடுத்து. அவளை ஏரிக்கு அனுப்பினது யாருன்னு இன்னும் அவாகிட்ட யாரும் சொல்லலை."

டென்சில் தீப்பெட்டியை இன்ஸ்பெக்டரின் கையில் வைத்துத் திறந்துகாட்டினான். தாள் மடிப்பைக் கண்டதும் கோவிந்தன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

சந்தானத்தின் உதடு வெளுத்துவிட்டது. லத்தீன் எல்லாம் எங்கே போயிற்றோ. "இன்னும் ஒரு மாசம் பொறுங்கோன்னுதான் மிஸ்கிட்ட கேட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "பதவி கைக்கு வரட்டும், அப்புறம் நானே சொல்றேன்னேன். காலைக்கூடப் பிடிச்சேன். கேக்கவே மாட்டேன்னுட்டாங்க."

 நஞ்சுண்டய்யா சந்தானத்தின் தோளில் கைவைத்து வராந்தாவின் அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். கூட்டம் பின்னாலேயே ஓடியது.

கோவிந்தன் அதே இடத்தில் நின்றான். வள்ளியம்மா அவன் கையைப் பிடித்து உலுக்கினாள், அழுதாள், சிரித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. டென்சிலைத்தான் பார்த்தான். அத்தனை நாளும் படித்தவர் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து, நீதான் அடித்தாய், நீதான் அடித்தாய் என்று அவன் தலைக்குள் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அது அவ்வளவு சீக்கிரம் வெளியே வருமா?

"தொர" என்றான் மெதுவாக. "அப்போ டீச்சரம்மாவ நான் அடிக்கலியா?"

டென்சிலுக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"நெஜமாவா?" என்று கோவிந்தன் இன்னொரு தடவை கேட்டான்.